எடுத்துரைத்து எதிர்கொள்ளும் சிகிச்சை

போர், சித்திரவதை, இடப்பெயர்வு எனக் கொடுந்துயர்களை அடுத்தடுத்துச் சந்தித்தவர்களுக்கென உருவான குறுகிய காலப் பேச்சுவழி உளச் சிகிச்சை. நேரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி என்றும், சுருக்கமாக ‘நெட்’ என்றும் வழங்குகிறது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகி ஷாவர், ஃபிராங்க் நாய்னர், தாமஸ் எல்பெர்ட் ஆகியோர் இதை வகுத்தனர். சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சிலி நாட்டவரின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்த உளவியலாளர்களின் பணி இதற்கு முன்னோடி.

உளக்காய நினைவில் ஓசையும் மணமும் அச்சமும் உடல் நடுக்கமும் ஆழப் பதிந்துவிடுகின்றன; எப்போது, எங்கே என்ற விவரம் அவற்றோடு சரியாக இணைவதில்லை. அதனால்தான் பட்டாசு வெடித்தாலும், ஷெல் குண்டு இப்போதே விழுவதாக உடல் பதறுகிறது. நிகழ்வை அதற்குரிய காலத்திலும் இடத்திலும் பொருத்துவதே இச்சிகிச்சையின் வேலை.

தொடக்கத்தில் தரையில் ஒரு கயிறு விரிக்கப்படும். அது வாழ்க்கைக் கோடு. மகிழ்ந்த தருணங்களுக்குப் பூக்களும் துயரங்களுக்குக் கற்களும் காலவரிசையில் அதன்மேல் வைக்கப்படும். அடுத்தடுத்த அமர்வுகளில் சிகிச்சை பெறுபவர் தன் கதையைப் பிறப்பிலிருந்து சொல்வார். கல் வரும் இடத்தில் சிகிச்சையாளர் வேகத்தைக் குறைப்பார்: என்ன கண்டார், என்ன நினைத்தார், அதைச் சொல்லும்போது உடலில் என்ன நேர்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கிளர்ந்த அச்சம் தணியும்வரை அமர்வு முடிவதில்லை. பாதியில் நிறுத்தினால், அதே அச்சத்தைச் சுமந்துகொண்டுதான் அவர் வீடு திரும்ப வேண்டியிருக்கும். ஓர் அமர்வுக்கு ஒன்றரை மணிநேரமோ அதற்கு மேலோ தேவைப்படுவது இதனால்தான். சொன்னதை எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டித் திருத்துவார்கள். முடிவில் முழு வாழ்க்கை வரலாறும் எழுத்தில் அவர் கைக்கு வரும். அவர் விரும்பினால் அதுவே மனித உரிமை மீறலுக்கான சாட்சியமும் ஆகலாம். துன்பப்பட்டவரை வெறும் நோயாளியாகப் பார்க்காத இந்தப் பண்பு தனித்துச் சொல்லத்தக்கது.

உகாண்டாவின் இம்வேபி குடியேற்றத்தில் சூடான் அகதிகள் 43 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. ஓராண்டுக்குப் பின் நெட் பெற்றவர்களில் 29 சதவீதத்தினரிடமே உளக்காய நோய் எஞ்சியிருந்தது. ஆறுதல் தரும் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் அது 79 சதவீதம். இருதரப்பினரிடமும் ஒருவர் பரிவோடு பேசியிருந்தார். ஆக, வேறுபாட்டை உண்டாக்கியது பேச்சின் ஒழுங்கு என்றே கொள்ள இடமுண்டு.

குழந்தைகளுக்கான வடிவம் ‘கிட்நெட்’. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், வடகிழக்கு இலங்கையில் போரையும் அலையையும் ஒருங்கே கண்ட 31 பிள்ளைகளிடம் அது பரிசோதிக்கப்பட்டது. உள்ளூர் உளவளத்துணையாளர்கள் 6 அமர்வுகள் நடத்தினர். ஆறு மாதத்தில் கிட்நெட் பெற்றவர்களில் 81 சதவீதத்தினரும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற மற்றக் குழுவில் 71 சதவீதத்தினரும் நோயிலிருந்து மீண்டனர். இவ்வளவு சிறிய குழுவில் இந்த இடைவெளியை வைத்து ஒன்றை மற்றதைவிட மேலானதென்று சொல்ல முடியாது.

பேரிடர் நிகழ்ந்த கையோடு எல்லோரையும் ஒரே அமர்வில் பேசவைத்து அனுப்பும் முறை வேறு. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. நெட், நோய் உறுதியானவர்களுக்கு, அவர்கள் சம்மதத்துடன், பயிற்சி பெற்றவர் பல அமர்வுகளில் அளிப்பது.