உட்கார ஓர் இடம்: தீம் பார்க் பிறந்த கதை

காலையில் உற்சாகம், நண்பகலில் அழுகை, மாலையில் அப்பாவின் தோளில் தூங்கும் குழந்தை. சிறு பிள்ளைகளோடு தீம் பார்க்கிற்குப் போகும் பல குடும்பங்களின் நாள் இப்படித்தான் முடிகிறது. கால் வலி, வெயில், நீண்ட வரிசை, "இவ்வளவு காசு கொடுத்தோமே, இன்னும் பாதிகூடப் பார்க்கவில்லையே" என்ற கவலை. இவற்றுக்கு நடுவே ஓய்வு எங்கே?

ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. இன்றைய தீம் பார்க் பிறந்ததற்குக் காரணமே பெற்றோரின் களைப்பும் சலிப்பும்தான்! அது எப்படி என்று பார்ப்போம்.

தோட்டமாகத் தொடங்கியது

உலகின் மிகப் பழைய கேளிக்கைப் பூங்கா என்று சொல்லப்படுவது டென்மார்க்கில் கோபன்ஹேகன் அருகே உள்ள பாக்கென். அதன் வரலாறு 1583-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது. காட்டுக்குள் இருந்த ஓர் ஊற்றைத் தேடி மக்கள் வந்தார்கள். வந்தவர்களை மகிழ்விக்க வித்தைக்காரர்களும் வியாபாரிகளும் வந்தார்கள்.

அதே நாட்டில் 1843-இல் கியோர்க் கார்ஸ்டென்சன் என்பவர் திவோலி பூங்காவைத் திறந்தார். மரங்கள், ஏரி, வண்ண விளக்குகள், இசை மேடை ஆகியவற்றுக்கு நடுவே ராட்டினங்கள் இருந்தன. திவோலி முதலில் ஒரு தோட்டம், பிறகுதான் கேளிக்கை இடம். நடக்கலாம், உட்காரலாம், சாப்பிடலாம், விரும்பினால் ராட்டினத்தில் ஏறலாம்.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் 264 அடி உயர ராட்சத ராட்டினத்தை நிறுத்தினார். அந்தக் கண்காட்சியின் கட்டுமான வேலையில் எலியாஸ் டிஸ்னி என்ற தச்சரும் இருந்தார். அவருடைய மகன் வால்ட் பிறந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1901-இல்.

பிறகு நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஸ்டீபிள்சேஸ் பார்க் (1897), லூனா பார்க் (1903), ட்ரீம்லேண்ட் (1904) என்று பூங்காக்கள் அடுத்தடுத்து எழுந்தன. வேகமும் கூச்சலும் அதிர்ச்சியும்தான் அவற்றின் கவர்ச்சி. அங்கே முதன்மையான வாடிக்கையாளர்கள் இளைஞர்களும் காதலர்களும். நான்கு வயதுக் குழந்தைக்கும் அதன் பாட்டிக்கும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை.

ஒரு தந்தையும் ஒரு பெஞ்சும்

வால்ட் டிஸ்னிக்கு டயான், ஷேரன் என்று இரண்டு மகள்கள். வார விடுமுறையில் அவர்களை வெளியே அழைத்துப் போவது அவருடைய வழக்கம். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கிரிஃபித் பூங்காவின் குடைராட்டினத்தில் பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். தந்தை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் ஏன் இல்லை என்ற எண்ணம் அங்கேதான் தோன்றியதாக அவரே பிற்காலத்தில் சொன்னார்.

1948 ஆகஸ்டு 31 அன்று அவர் தம் ஸ்டுடியோ ஊழியர் ஒருவருக்கு ஒரு குறிப்பு எழுதினார். 'மிக்கி மவுஸ் பார்க்' என்ற பெயரில் பர்பாங்க் நகரில் ஸ்டுடியோவுக்கு அருகே அமைக்க நினைத்த சிறு பூங்காவின் திட்டம் அது. அதில் தொடக்கத்திலேயே இடம்பெறுவது ரோலர் கோஸ்டர் அல்ல. பெஞ்சுகள், குடிநீர்க் குழாய், மரங்கள், இசை மேடை! தாய்மாரும் பாட்டிமாரும் உட்கார்ந்தபடி சிறு குழந்தைகள் விளையாடுவதைப் பார்க்க வேண்டும், இடம் குளிர்ச்சியாகவும் இளைப்பாறத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். இன்று பெற்றோர் தேடி அலையும் அதே ஓய்வுதான் அந்தத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருந்தது.

கோழி வறுவலுக்குக் காத்திருந்தவர்கள்

அதே கலிஃபோர்னியாவில் இன்னொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. பியூனா பார்க் என்ற ஊரில் வால்டர் நாட், கோர்டிலியா நாட் தம்பதியர் பழத் தோட்டம் வைத்திருந்தனர். 1934-இல் கோர்டிலியா கோழி வறுவல் சாப்பாடு விற்கத் தொடங்கினார். ருசி பரவியது, கூட்டம் பெருகியது. சாப்பிட இடம் கிடைக்க மக்கள் மணிக்கணக்கில் வெளியே நின்றார்கள்.

நிற்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே! வால்டர் 1940-இல் பழைய சுரங்க ஊர் ஒன்றைப் போன்ற கட்டடங்களை அமைக்கத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 'நாட்ஸ் பெரி ஃபார்ம்' என்ற தீம் பார்க் ஆனது.

ஒரு பூங்கா உட்கார்ந்து சலித்த தந்தையிடமிருந்து பிறந்தது, மற்றொன்று நின்று சலித்த வாடிக்கையாளர்களிடமிருந்து பிறந்தது. இரண்டுக்கும் அடிப்படை காத்திருப்பே.

குழந்தையின் அளவில் ஓர் உலகம்

1950-இல் ஓக்லாந்து நகரில் 'சில்ட்ரன்ஸ் ஃபேரிலேண்ட்' திறக்கப்பட்டது. குழந்தைக் கதைகளை வைத்து, குழந்தைகளின் உயரத்துக்கு ஏற்ற வாயில்களோடும் வீடுகளோடும் அமைந்த சிறு பூங்கா அது. அங்கே அவசரப்பட எதுவும் இல்லை. டிஸ்னி அதை வந்து பார்த்தார். அதன் முதல் இயக்குநரான டோரத்தி மேன்ஸ் பின்னர் டிஸ்னிலேண்டில் பணியாற்றினார். திவோலியையும் டிஸ்னி 1950-களின் தொடக்கத்தில் நேரில் கண்டு வியந்தார். தூய்மையும் தோட்டமும் விளக்குகளும் அவர் மனத்தில் பதிந்தன.

பெஞ்சுக்குப் பதில் நெரிசல்

1954 ஜூலையில் அனஹைமில் ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த 160 ஏக்கர் நிலத்தில் வேலை தொடங்கியது. ஓராண்டில், 1955 ஜூலை 17 அன்று, டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டாலர்.

அன்று அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் போலி அழைப்புச் சீட்டுகளோடு பலர் நுழைந்தார்கள், கூட்டம் சுமார் 28,000-ஐத் தொட்டது. வெயில் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ். புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன. குழாய் வேலை செய்வோரின் வேலைநிறுத்தத்தால், ஒன்று கழிப்பறை அல்லது குடிநீர்க் குழாய் என்ற நிலை. டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். குடிநீர் கிடைக்காத பலர், குளிர்பான விற்பனைக்காகச் செய்த தந்திரம் என்று குறை சொன்னார்கள்.

குடிநீர்க் குழாயையும் மர நிழலையும் முதலில் நினைத்த மனிதரின் பூங்கா, முதல் நாளில் அவை இரண்டும் போதாமல் தவித்தது! இருந்தும் ஏழு வாரங்களுக்குள் 10 லட்சம் பேர் வந்தார்கள். விருப்பம் அவ்வளவு பெரிது. அந்த விருப்பம் கொண்டுவந்த கூட்டமே ஓய்வுக்கு எதிரியும் ஆனது.

சீட்டு மாறியது, நடையும் மாறியது

தொடக்கத்தில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். ராட்டினங்களுக்குத் தனிக் கட்டணம். 1955 இறுதிக்குள் சீட்டுப் புத்தகம் வந்தது. குடைராட்டினம் போன்ற எளியவற்றுக்கு 'ஏ' சீட்டு, 1959 முதல் பரபரப்பானவற்றுக்கு 'இ' சீட்டு. புத்தகத்தில் இருப்பதோ சில சீட்டுகள்தாம். அதனால் எதில் ஏறுவது என்று குடும்பம் கூடிப் பேசி முடிவு செய்தாக வேண்டும். சீட்டு தீர்ந்தால் ஊர்வலம் பார்க்கலாம், பெஞ்சில் அமரலாம்.

1982-இல் இந்த முறை முடிவுக்கு வந்தது. ஒரே டிக்கெட், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். கேட்க வசதிதான். ஆனால் கணக்கு தலைகீழானது. எவ்வளவு அதிகம் ஏறுகிறோமோ அவ்வளவு லாபம் என்ற எண்ணம் வந்தால், உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டமாகத் தோன்றும்.

வரிசைகளைச் சமாளிக்க 1999-இல் 'ஃபாஸ்ட்பாஸ்' வந்தது. நேரம் குறித்த சீட்டை எடுத்துக்கொண்டு பிறகு வந்தால் போதும். 2021-இல் அது நிறுத்தப்பட்டு, அமெரிக்கப் பூங்காக்களில் பணம் கட்டி வரிசையைக் குறைத்துக்கொள்ளும் முறை வந்தது. நிற்கும் நேரம் குறைந்தது உண்மை. ஆனால் குறித்த நேரத்துக்குப் பூங்காவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓட வேண்டும். கையில் குழந்தை தூங்கினாலும் கடிகாரம் தூங்காது!

இதற்கிடையே பெரிய ராட்டினங்களும் பெருகின. ஸ்பேஸ் மவுண்டனில் ஏற 40 அங்குல உயரம் வேண்டும். பல மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. குடும்பம் இரண்டாகப் பிரிந்து, ஒருவர் மீண்டும் பெஞ்சுக்கே திரும்பினார்.

சிறியவர்களை மறக்காத முயற்சிகள்

நல்ல முயற்சிகளும் இல்லாமல் இல்லை. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவாக்கப்பட்டு 1966-இல் டிஸ்னிலேண்டுக்கு வந்த 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகுப் பயணத்துக்கு உயர வரம்பு கிடையாது. கைக்குழந்தையும் தாத்தாவும் ஒரே படகில் உட்காரலாம். அதுவும் நிழலில்!

டென்மார்க்கின் பில்லுண்டில் 1968-இல் திறந்த லெகோலேண்ட், சிறுவர்களையே மையமாகக் கொண்டது. அங்கே குழந்தைகள் தாங்களே சிறு கார் ஓட்டி 'ஓட்டுநர் உரிமம்' வாங்கினார்கள்.

1971 அக்டோபர் 1 அன்று ஃப்ளோரிடாவில் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டில், முதல் நாளிலேயே வளாகத்துக்குள் விடுதிகள் இருந்தன. மோனோரயிலில் ஏறி அறைக்குத் திரும்பிக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு மாலையில் மறுபடி வரலாம். 1966-இல் மறைந்த வால்ட் அதைப் பார்க்கவில்லை.

திட்டமிடுவோருக்கு வரலாறு சொல்வது

இந்த வரலாற்றிலிருந்து, சிறு குழந்தைகளோடு போக நினைக்கும் குடும்பம் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு.

ஒன்று, மனத்தளவில் பழைய சீட்டுப் புத்தகத்துக்குத் திரும்பலாம். ஒரு நாளைக்கு நான்கைந்து ராட்டினங்கள் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால், மற்றவை எல்லாம் கொசுறு.

இரண்டு, 1955-இன் பாடம்: தண்ணீர், நிழல், கழிப்பறை. எங்கே என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் முதலில் தேட வேண்டியவை இவைதாம். பெரிய பூங்காக்களில் பாலூட்டவும் டயப்பர் மாற்றவும் தனி அறைகள் இருக்கின்றன.

மூன்று, காலையில் கூட்டம் சேரும் முன் நுழைந்து, உச்சி வெயிலில் வெளியேறி, குழந்தை தூங்கி எழுந்த பின் திரும்புவது. அருகில் தங்குவதன் உண்மையான பயன் இதுவே.

நான்கு, உயர வரம்பை முன்பே பார்த்துவிடுவது. பெற்றோரில் ஒருவர் ஏறி வந்ததும், மற்றவர் மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் ஏறும் வசதி பல பூங்காக்களில் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை எந்த இடத்தில் நிற்க விரும்புகிறதோ அந்த இடத்தில் நிற்பது. ஒரே குடைராட்டினத்தில் ஐந்து முறை சுற்ற ஆசைப்படும் பிள்ளைக்கு அந்த நாள் முழு வெற்றிதான்.

கிரிஃபித் பூங்காவின் பழைய பெஞ்சு ஒன்று டிஸ்னிலேண்டில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கடந்து ஆயிரக்கணக்கானோர் அடுத்த வரிசையைப் பிடிக்க விரைகிறார்கள். வால்ட் அதில் சலிப்போடு உட்கார்ந்திருந்தார் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சில மணி நேரம் அவர் எங்கும் ஓடவில்லை, மகள்கள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல கோடி டாலர் செலவழித்துக் கட்டிய பூங்காக்களில் இன்று பல பெற்றோருக்குக் கிடைக்காமல் போவது அந்தச் சில மணி நேரம்தான்!