கொதிநிலைப் பட்டியலுக்கு அப்பால்: இயற்கை எரிவாயுத் திரவங்கள் பிரியும் விதம்

இயற்கை எரிவாயுவோடு சேர்ந்து வரும் ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், பென்டேன் ஆகியவற்றைத் தனித்தனியே பிரிக்கும் முறையைப் பாடநூல்கள் கொதிநிலைப் பட்டியலைக் கொண்டே விளக்குகின்றன. வளிமண்டல அழுத்தத்தில் ஈத்தேன் −89, புரொப்பேன் −42, ஐசோபியூட்டேன் −12, சாதாரண பியூட்டேன் −0.5, பென்டேன் 36 டிகிரி செல்சியஸில் கொதிக்கின்றன. இலேசானது கோபுரத்தின் உச்சிக்கு ஏறும். கனமானது அடியில் தங்கும். இதில் தவறேதும் இல்லை. ஆனால் ஓர் ஆலையில் எத்தனை கோபுரங்கள் வேண்டும், ஒவ்வொன்றும் எந்த அழுத்தத்தில் இயங்க வேண்டும், பிரிப்பை எங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பட்டியல் மட்டும் விடை தராது. குளிர்விக்கும் வசதியும் வாங்குபவரின் தேவையும் சேர்ந்துதான் அவற்றை முடிவுசெய்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டனுக்குக் கிழக்கே உள்ள மான்ட் பெல்வியூ. ஊருக்கு அடியில் பார்பர்ஸ் ஹில் என்ற உப்புக் குவிமாடம் இருக்கிறது. உப்பைத் தண்ணீரால் கரைத்து உண்டாக்கிய குகைகளில் திரவங்களைச் சேமிக்கிறார்கள். எடுக்க வேண்டும்போது உப்புநீரை உள்ளே செலுத்த, திரவம் மேலே வந்துவிடுகிறது. தொலைதூர வயல்களிலிருந்து குழாய் வழியே இங்கு வந்து சேர்வது பிரிக்கப்படாத கலவை. தொழிலில் அதற்கு ‘ஒய்-கிரேடு’ என்று பெயர்.

கலவை முதலில் நுழைவது ஈத்தேனைப் பிரிக்கும் கோபுரத்தில். உச்சிக்கு வரும் ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கி, அதில் ஒரு பகுதியைக் கீழே திருப்பிவிட்டால்தான் பிரிப்பு நடக்கும். இங்கேதான் சிக்கல். ஈத்தேனின் நிலைமாறு வெப்பநிலை 32 டிகிரி. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. டெக்சாஸ் கோடையில் காற்றின் வெப்பமே அதைத் தாண்டிவிடும். ஆகவே புரொப்பேனைக் கொண்டு இயங்கும் குளிர்பதன அமைப்பு தேவைப்படுகிறது. 10 டிகிரிவரை குளிர்விக்க முடிந்தால் தூய ஈத்தேனுக்கு 30 பார் அழுத்தம் போதும். 0 டிகிரிவரை குளிர்வித்தால் 24 பார் போதும்.

புரொப்பேன் கோபுரத்தில் அந்தத் தொல்லை இல்லை. காற்றால் குளிர்விக்கும் கண்டென்சரில் 50 டிகிரியிலேயே புரொப்பேன் சுமார் 17 பார் அழுத்தத்தில் திரவமாகும். அதே வெப்பநிலையில் பியூட்டேன்களுக்கு 5 முதல் 7 பார் போதும். இலேசானதை முதலில் எடுக்கும் வரிசைக்கு இதனால் கூடுதல் ஆதாயம் கிடைக்கிறது: அடித்திரவம் தன் அழுத்தத்தாலேயே அடுத்த கோபுரத்துக்குப் போய்விடும், இடையில் பம்பு வேண்டியதில்லை.

அடுத்தது, கோபுரத்துக்குள் ஆவியும் திரவமும் சந்திக்கும் தட்டுகளின் எண்ணிக்கை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த மெரல் ஃபென்ஸ்கி குறைந்தபட்சப் படிகளை, அதாவது கோட்பாட்டுத் தட்டுகளைக் கணக்கிட 1932இல் வெளியிட்ட சமன்பாட்டை இங்கே பொருத்திப் பார்க்கலாம். 50 டிகிரியில் புரொப்பேனுக்கும் ஐசோபியூட்டேனுக்கும் உள்ள ஆவியழுத்த விகிதம் ஏறத்தாழ 2.5; ஐசோபியூட்டேனுக்கும் சாதாரண பியூட்டேனுக்கும் அது 1.4தான். உச்சியிலும் அடியிலும் 95 விழுக்காடு தூய்மை வேண்டுமானால், முதல் இணைக்குக் குறைந்தபட்சம் 6 அல்லது 7 படிகள் போதும். இரண்டாவதற்கு 17 அல்லது 18 தேவை. உச்சித் திரவம் முழுவதையும் திருப்பிவிடும் கற்பனை நிலைக்கான கணக்கு இது. உண்மையான கோபுரத்தில் தட்டுகள் இதைவிட மிக அதிகமாகும். அடித்திரவத்தைக் கொதிக்கவைக்கும் ரீபாய்லர் விழுங்கும் வெப்பமும் ஏறும்.

இவ்வளவு செலவு எதற்கு? ஐசோபியூட்டேனை வாங்கச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கான ஆல்கைலேட் தயாரிக்க அவற்றுக்கு அது தேவை. அந்தத் தேவை இல்லாத இடத்தில் அந்தக் கோபுரமும் தேவைப்படாது. இந்தியச் சமையலறைக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரைப் பாருங்கள். அதில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேன்களும் கலந்த கலவை. அடுப்புக்கு இரண்டையும் பிரித்துக் கொடுக்கவேண்டிய அவசியமில்லை. மத்தியப் பிரதேசத்து விஜய்ப்பூரில் உள்ள கெயில் ஆலை குழாய்வழி எரிவாயுவிலிருந்து எல்பிஜி எடுக்கும்போது, அந்த இரண்டையும் ஒரே பொருளாகவே வெளியே விடலாம். மூலக்கூறுகள் அவையேதான், வெட்டும் இடம் வேறு.

விலையின் பிடி இன்னும் வெளிப்படையாகத் தெரிவது ஈத்தேனில்தான். எரிவாயுவோடு சேர்த்து வெப்ப மதிப்புக்கு விற்றால் கிடைப்பதைவிடத் தனித் திரவமாகக் கிடைக்கும் விலை குறைந்தால், எரிவாயுப் பதப்படுத்தும் ஆலைகள் அடிவெப்பத்தைக் கூட்டி ஈத்தேனை மீத்தேனோடு மேலே விரட்டிவிடுகின்றன. அமெரிக்க ஷேல் உற்பத்தி பெருகி ஈத்தேன் தேங்கியபோது இது வழக்கமாயிற்று. பிறகு கடல் தாண்டியும் வாங்குவோர் கிடைத்தார்கள். 2016இல் ஹூஸ்டன் கப்பல் கால்வாயில் மார்கன்ஸ் பாயின்ட் ஏற்றுமதி முனையம் திறந்தது. 2017இல் ரிலையன்ஸ் நிறுவனம் தனிக் கப்பல்களில் அமெரிக்க ஈத்தேனைக் குஜராத்தின் தஹேஜில் இறக்கத் தொடங்கியது.

வெப்ப இயக்கவியலை மீறி எந்தச் சந்தையும் எதையும் பிரித்துவிட முடியாது என்பது நியாயமான மறுப்பு. ஈத்தேனை விரட்டுவதற்கும் எல்லை உண்டு. குழாய் நிறுவனங்கள் எரிவாயுவின் வெப்ப மதிப்புக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் இந்த மறுப்பு காட்டுவது, எது முடியும் என்பதன் எல்லையை மட்டுமே. அந்த எல்லைக்குள் ஓர் ஆலை எங்கே நிற்கிறது என்பதை அறிய, வடிவமைப்புக் கணக்கில் கொதிநிலைகளோடு அவ்விடத்தின் கோடை வெப்பத்தையும் ஈத்தேனுக்கும் எரிவாயுவுக்கும் இடையிலான விலை வேறுபாட்டையும் தொடக்கத்திலேயே உள்ளிட வேண்டும்.