குன்னூரில் பிறந்த நாய்க்கடி ஊசி

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே உள்ள பாஸ்டியர் நிறுவனம், தென்னிந்தியப் பாஸ்டியர் நிறுவனம் என்ற பெயரில் 1907 ஏப்ரல் 6 அன்று வேலையைத் தொடங்கியது. அதற்கு முன் தெற்கே வெறிநாய் கடித்தவர்கள் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலிக்குத்தான் போக வேண்டும். 1900இல் அங்கே இந்தியாவின் முதல் பாஸ்டியர் நிறுவனம் ஏற்பட்டிருந்தது. பல நாள் ரயில் பயணம். முகத்திலோ தலையிலோ கடி விழுந்தவருக்கு அந்த நாள்களே உயிர். 1902இல் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் வெறிநோயால் இறந்தபின், தெற்கிலும் ஒரு சிகிச்சை நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ், வைஸ்ராய் கர்சனிடம் அளித்த நன்கொடை அதற்குக் கைகொடுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைரயில் 1899இலேயே குன்னூர் வரை வந்துவிட்டதால், சமவெளியில் கடிபட்டவர்கள் ஏறிவர வழி இருந்தது.

கடித்த பிறகு போடும் ஊசி எப்படிக் காக்கிறது? நாயின் எச்சிலில் இருக்கும் வைரஸ், காயத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல ஊர்ந்து மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அது போய்ச் சேருமுன் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகிவிட வேண்டும். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் பிழைப்பவர் அரிதினும் அரிது.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். ஆட்டின் மூளையில் வைரஸைச் செலுத்தி, நோய் முற்றியதும் அந்த மூளையை எடுத்து அரைத்து, பினாயில் இனத்து மருந்தான பீனால் சேர்த்து வைரஸைச் செயலிழக்கச் செய்வார்கள். இந்த மருந்தைப் புட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப முடிந்தது. நோயாளி மலையேற வேண்டிய கட்டாயம் குறைந்தது. குன்னூரிலும் பல பத்தாண்டுகள் இதுதான் தயாரானது. தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசி என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். வலிக்குப் பயந்து பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. மருந்தில் கலந்திருந்த மூளைத் திசுவால் அரிதாகச் சிலருக்குக் கைகால் செயலிழப்பும் வந்தது. அத்தனை உயிர்களைக் காத்த மருந்துக்கு இது பெரிய குறைதான்.



1977இல் குன்னூர் நிறுவனம் தன்னாட்சி பெற்றது. ஆட்டுமூளை மருந்துக்கு மாற்றாக, வீரோ எனப்படும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் வைரஸை வளர்த்துச் செய்யும் தடுப்பூசியும் இங்கே உருவானது. 2004 இறுதியோடு ஆட்டுமூளை மருந்தின் உற்பத்தி நாடெங்கும் நின்றது. இப்போது கையில் நான்கைந்து ஊசி போதும்.

வீட்டு நாய் கடித்தால் 10 நாள் அதைக் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெறியின் அறிகுறி தெரியச் சில நாள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும்; அப்போது நாய் வாலாட்டிக்கொண்டு, சோறு தின்றுகொண்டுதான் இருக்கும். கடிக்கும்போதே எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால், 10 நாளுக்குள் நாய் நோயுற்றுச் செத்துவிடும். ஆனால் நாயைக் கவனிக்கும் அந்த நாள்களில் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, முதல் ஊசியை அன்றே போட்டுக்கொள்ள வேண்டும்.