ஆட்டத்தில் சாவும் உயிர்ப்பும்



சென்ற கோடை விடுமுறையில் என் பெயரன் எங்கள் நெல்லிக்குப்பம் இல்லத்திற்கு வந்திருந்தான். கணினியின் முன் அமர்ந்து, வீரன் ஒருவனை இருண்ட குகைகளின் ஊடே நடத்திச் சென்றுகொண்டிருந்தவன், திடீரென்று, "தாத்தா, நான் செத்துப் போனேன்!" என்று கூவினான். அடுப்படியில் இருந்த அவன் பாட்டி பதறி ஓடி வந்தாள். "விளக்கு வைக்கும் நேரத்தில் இஃது என்ன பேச்சு?" என்று கடிந்துகொண்டாள். அவனோ சிரித்தவாறே, "கவலைப்படாதே பாட்டி, இதோ பிழைத்துவிட்டேன்" என்றான்.

எனக்கு அச்சொல் புதிதாகத் தோன்றவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே ஊரில், கரும்பு வெட்டி முடிந்த வயல்களில் நாங்கள் சடுகுடு ஆடியபோது ஒரே மாலையில் பன்முறை செத்திருக்கிறோம், பன்முறை பிழைத்திருக்கிறோம். ஆடுபவன் ஆட்டத்திற்குள்ளே சாவதற்கு மனிதர் என்னென்ன விதிகளை வகுத்தனர், அவ்விதிகள் எவ்வாறு வளர்ந்து வந்தன, அவற்றால் நாம் அறியத்தக்கது யாது என்பவற்றை இன்று சற்று ஆராய்வோம்.

முதலில் சடுகுடுவையே எடுத்துக்கொள்வோம். எதிர்க்கட்சியின் எல்லைக்குள் பாடிச் செல்பவன் ஒரே மூச்சில் பாட வேண்டும். மூச்சு விட்டால் அவன் ஆட்டம் இழந்தவன் ஆவான். மூச்சே உயிர் என்னும் உண்மையை இதனினும் எளிதாக விளக்கும் விளையாட்டு உண்டோ? அவன் யாரையேனும் தொட்டுவிட்டு நடுக்கோட்டிற்கு மீண்டால் தொடப்பட்டவன் சாவான். பிடிபட்டு மீளாமற்போனால் அவனே சாவான். செத்தவன் வெளியே சென்று வரிசையில் அமர வேண்டும்.

அவ்வாறு அமர்ந்தவன் மீண்டும் உள்ளே வரலாமா என்னும் வினாவிற்கு நம் நாட்டில் மூன்று விடைகள் வழங்கிவந்தன. முதல் வகைக்குச் சஞ்சீவினி என்று பெயர். எதிர்க்கட்சியில் ஒருவன் செத்தால், நம் கட்சியில் செத்தவருள் ஒருவன் உயிர் பெற்று எழுவான். இராமாயணத்தில் அனுமன் கொணர்ந்த மூலிகையின் பெயர் இவ்விதிக்கு வாய்த்தது மிகப் பொருத்தமே. இரண்டாம் வகை காமினி. அதில் செத்தவன் செத்தவனே. தன் கட்சியினர் அனைவரும் வீழ்ந்து அந்தச் சுற்று முடியும்வரை அவனுக்கு மீட்சியில்லை. மூன்றாம் வகை அமர். இதில் தொடப்பட்டவன் வெளியேறுவதே இல்லை. எதிர்க்கட்சிக்கு ஒரு புள்ளி சேரும், அவ்வளவே.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மராட்டியப் பகுதியில் இவ்விளையாட்டின் விதிகள் எழுத்து வடிவம் பெற்றன. 1950 இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. 1990 இல் பெய்ஜிங்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி பதக்கத்திற்குரிய ஆட்டமாக இடம்பெற்றது. இன்று உலக அரங்கில் ஆடப்படுவது சஞ்சீவினி விதியே. மூன்றனுள் அது நிலைபெற்றதன் காரணத்தை எண்ணிப் பாருங்கள். காமினியில் முதலில் செத்தவன் நெடுநேரம் வெறும் பார்வையாளனாக அமர்ந்திருப்பான். அமரில் சாவே இல்லாமையால் அச்சமும் குறைவு. சஞ்சீவினியிலோ சாவும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. அன்றியும், செத்தவன் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள இயலாது. களத்தில் நிற்கும் தோழன் ஒருவன் வென்றாலன்றி அவனுக்கு உயிரில்லை.

திண்ணை விளையாட்டுகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் உண்டு. வெட்டுண்ட ஆடு மீண்டும் களத்திற்கு வாராது. ஆதலால் ஆடுகளை ஆடுபவர் ஒவ்வொரு காயையும் ஆராய்ந்து நகர்த்துவார். அவசரம் அவருக்கு ஆகாது. தாயத்தில் வெட்டுண்ட காய் மனைக்குத் திரும்பும்; தாயம் விழுந்தால் மீண்டும் புறப்படலாம். பழமாகும் தறுவாயில் இருந்த காய் வெட்டுண்டால் அதுவரை கடந்த கட்டம் அத்தனையும் வீண். பரமபதத்தில் பாம்பின் வாய்ப்பட்டவன் மடிவதில்லை. தாழ்ந்த நிலைக்கு இறங்கி அங்கிருந்து மறுபடியும் ஏறத் தொடங்குகிறான். இப்பரமபதமே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, பாம்பும் ஏணியும் என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது.

இனி, வேடம் புனைந்து ஆடும் ஆட்டத்திற்கு வருவோம். நம் கடலூர், விழுப்புரம் பகுதிகளில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது பகலில் பாரதம் படிப்பதும், இரவில் தெருக்கூத்து ஆடுவதும் வழக்கம். இறுதியில் படுகளம் நிகழும். துரியோதனனுடைய பேருருவம் மண்ணால் தரையிலே கிடத்தப்பட்டிருக்கும். வீமனும் துரியோதனனும் வேடத்தோடு அதனருகே போர் புரிவர். முடிவில் தொடை பிளக்கப்படும். திரௌபதியின் விரிந்த கூந்தல் முடியப்படும். ஒவ்வோர் ஆண்டும் அவ்வரசன் மடிகிறான். ஒவ்வோர் ஆண்டும் மக்கள் கண் கலங்குகின்றனர். மறுநாள் காலையில், அவ்வேடம் புனைந்தவரைத் தேநீர்க் கடையில் கண்டு நலம் விசாரிக்கின்றனர்.

இங்கே ஒன்றை நோக்குங்கள். சடுகுடுவில் சாவு உண்டு. ஆனால் வேடம் இல்லை. நான் நானாகவே செத்தேன். கூத்தில் வேடம் உண்டு. ஆனால் தப்பும் வழி இல்லை. துரியோதனன் எத்துணைத் திறமையாக ஆடினும் பதினெட்டாம் நாள் வீழ்ந்தே ஆக வேண்டும். வேடமும் இருக்க வேண்டும், வாழ்வதா சாவதா என்பதும் ஆடுபவன் கையில் இருக்க வேண்டும் என்றால் எப்படி?

அத்தகைய ஆட்டம் ஒன்று 1974 இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய அதற்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். நிலவறைகளும் பறவைநாகங்களும் நிறைந்த கற்பனை உலகில், ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்று, பகடை உருட்டி ஆடுவர். இதற்கு முன்னோடியாக இருந்த பொம்மைப் போர் விளையாட்டுகளில் ஒரே அடியில் வீரன் மடிந்துவிடுவான். ஆனால் ஆர்னெசனுடன் ஆடியவர்கள் தாம் ஏற்ற பாத்திரத்தின்மீது பற்றுக்கொண்டுவிட்டனர். அவனை எளிதில் இழக்க அவர்களுக்கு மனமில்லை. ஆகவே அவர் கப்பற்போர் விளையாட்டு ஒன்றிலிருந்து ஒரு முறையைக் கடன் வாங்கினார். பெரிய கப்பல் பல குண்டுகளைத் தாங்கிய பின்னரே மூழ்குவதுபோல, வீரனும் பல அடிகளைத் தாங்கிய பின்னரே மடிவான். இதுவே உயிர்ப்புள்ளி என்னும் கணக்கின் தோற்றம். இன்று உங்கள் கணினித் திரையில் தேய்ந்துகொண்டே வரும் அந்தச் செந்நிறக் கோடு இதன் வழித்தோன்றலே.

பின்னர் இவ்வகை ஆட்டங்கள் கணினிக்குள் புகுந்தன. அங்கும் பழைய மூன்று விதிகளே புதுக்கோலம் பூண்டு வந்தன எனலாம். 1980 இல் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்னும் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள் ரோக் என்னும் ஆட்டத்தை இயற்றினர். ஆடியதைச் சேமித்து வைத்துவிட்டுப் பின்னர்த் தொடரலாம். ஆனால் தொடர்ந்தவுடன் அச்சேமிப்பு அழிந்துவிடும். செத்தால் பழைய இடத்திற்கு மீள வழியில்லை. திரையில் கல்லறை ஒன்று தோன்றும். இது காமினி. 1987 இல் வந்த நெட்ஹேக் இதே விதியைப் பின்பற்றியது. எனினும் அதில் ஒரு புதுமை உண்டு. ஒருவன் மடிந்த இடத்தில் அவனுடைய உடைமைகளும் ஆவியும் தங்கியிருக்கலாம். அதே கணினியில் பின்னர் ஆடுபவர் அவற்றைக் காண நேரலாம்.

1981 இல் வெளிவந்த விசார்ட்ரியில் மடிந்தவனைத் தோழர்கள் கோயிலுக்குச் சுமந்து சென்று, பொருள் கொடுத்து எழுப்பலாம். அம்முயற்சி தவறினால் அவன் சாம்பலாவான். மறுமுயற்சியும் தவறினால் என்றைக்கும் இல்லாதவன் ஆவான். தோழரால் உயிர் பெறும் இம்முறையைச் சஞ்சீவினிக்கு இனமாகக் கொள்ளலாம். 1986 இல் ஜப்பானில் யூஜி ஹோரி வகுத்த டிராகன் குவெஸ்ட் என்னும் ஆட்டத்திலோ மடிந்த வீரன் அரசன்முன் மீண்டும் எழுவான்; அவன் பொன்னில் பாதி போய்விடும், பெற்ற பயிற்சி குறையாது. இஃது ஏறக்குறைய அமர். 2011 இல் வந்த டார்க் சோல்ஸ் இவற்றிற்கு இடைப்பட்டது. வீரன் மடிந்த இடத்தில் அவன் ஈட்டியவை கிடக்கும். திரும்பிச் சென்று எடுக்க ஒரே ஒரு வாய்ப்பு. வழியில் மீண்டும் மடிந்தால் அவை போனவையே.

இவற்றுள் எது சிறந்தது என்று என் பெயரனோடு வழக்காடினேன். முற்றிலும் சாகும் ஆட்டத்தில்தான் நெஞ்சு படபடக்கிறது என்றான் அவன். உண்மைதான். இழப்பு இல்லாத இடத்தில் விழிப்பு இல்லை. ஆயினும், விழுந்தவன் தன் பிழையை உணர்ந்து மறுபடி முயல இடமில்லாவிடின் கல்வியும் இல்லை. சாவிற்கு ஒரு விலையும், எழுவதற்கு ஒரு வழியும் வைத்த விதிகளே நெடுங்காலம் மக்களைக் கவர்ந்து நிற்கின்றன.

மாணவ நண்பர்களே, நான் ஆசிரியனாக இருந்தபோது நேர்ந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1990களில் ஓர் ஆண்டு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வந்தது. நன்றாகச் சடுகுடு ஆடும் மாணவன் ஒருவன் மூன்று பாடங்களில் தவறிவிட்டான். இரண்டு நாளாக அவன் வீட்டில் உண்ணவில்லை என்று அவன் தந்தை வந்து கூறினார். தேடிச் சென்றேன். ஆளில்லாத திடலில், செத்தவர் அமரும் கோட்டருகே தனியே அமர்ந்திருந்தான். "இங்கே என்ன செய்கிறாய்?" என்றேன். "நான் செத்தவன், சார்" என்றான். அச்சொல் என்னை உலுக்கிவிட்டது. அவனருகே தரையில் அமர்ந்தேன். "செத்தவன் என்றால் ஆட்டம் முடியும்வரை கோட்டருகே காத்திரு. எழுந்து வீட்டிற்குப் போக உனக்கு உரிமையில்லை. உள்ளே இன்னும் ஆள் நிற்கிறது, நான் நிற்கிறேன்" என்றேன். அழுதான். அன்று மாலை முதல் என் வீட்டுத் திண்ணையில் அவனுக்குக் கணக்குப் பாடம் தொடங்கியது. அக்டோபர்த் தேர்வில் இரண்டு பாடங்களில் தேறினான். மற்றொன்றிற்கு இன்னும் ஓர் ஆண்டு ஆயிற்று. இன்று அவனுடைய மகள் கல்லூரியில் பயில்கிறாள்.

தேர்வு ஓர் ஆட்டம். அதன் விதிகளை வகுத்தவர் மனிதர். அதில் வீழ்ந்தவன் எழலாம், எழுப்பவும் தோழர் உண்டு. ஆட்டத்துச் சாவை மெய்யான சாவென்று எண்ணி எவரும் மனமுடைதல் கூடாது. மெய்யான சாவை ஆட்டத்துச் சாவென்று எண்ணுவதும் அதுபோன்றே பிழை. கடலூர்ப் பண்ருட்டிச் சாலையில் தலைக்கவசமின்றி வண்டியைப் பறக்கவிடும் இளைஞரைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு துடிக்கிறது. அந்தச் சாலையில் சஞ்சீவினி விதி இல்லை. சேமித்து வைத்த இடத்திற்கு மீள வழியும் இல்லை.

நம் முன்னோர் களத்தில் ஒரு கோடு கிழித்தே ஆடினர். கோட்டிற்குள் எத்தனை முறையேனும் சாகலாம். கோடு எங்கே முடிகிறது என்பதை மட்டும் மறவாதிருங்கள். பக்கத்தில் செத்தவன் ஒருவன் அமர்ந்திருக்கக் கண்டால், அவனுக்காக ஒரு மூச்சுப் பாடி வாருங்கள்.