கத்தரி வேரில் முடிச்சு: வட்டப்புழுவை அடக்கும் சேதனப் பசளை

1990 இல் விட்டுவந்த எங்கள் வலிகாமம் வடக்குக் காணி 2017 இல் விடுவிக்கப்பட்டது. பற்றையை வெட்டித் துப்புரவாக்கியதும் அம்மா முதலில் நட்டது கத்தரி. இரண்டு மாதத்தில் கன்றுகள் மத்தியானம் வாடி, பின்னேரம் நிமிரத் தொடங்கின. தண்ணீர் குறையவில்லை; காய்தான் சிறுத்தது. "இந்த மண் எங்களை மறந்திட்டுது" என்றார் அம்மா. ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது.

எப்படி அடையாளம் காண்பது?

இது வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத இளம் புழுக்கள் வேர்நுனியால் நுழைந்து உணவை உறிஞ்சுகின்றன. ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். எங்கள் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். கத்தரி, தக்காளி, வெண்டி, மிளகாய், பாகல் மட்டுமல்ல, பல களைகளிலும் இது வாழும். அதனால் பல வருடம் பயிர் செய்யாத காணியிலும் இருக்கலாம். மணற்பாங்கான மண்ணில் பாதிப்பு கூடுதல்.

பயறு, கௌபி வேர்களிலுள்ள நல்ல முடிச்சுகளோடு இதைக் குழப்ப வேண்டாம். அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் கழன்றுவிடும். புழு முடிச்சு கழலாது, ஏனெனில் வீங்கியிருப்பது வேரேதான்.

சேதனப் பசளை என்ன செய்கிறது?

உக்கும்போது வெளிவரும் அமோனியாவும் சில அமிலங்களும் புழுவைப் பாதிக்கும். புழுவையும் முட்டையையும் தாக்கும் பங்கசுக்கள் பெருகும். மண் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் பழுதான வேரும் தாக்குப்பிடிக்கும்.

செய்ய வேண்டியவை

* வேப்பம்புண்ணாக்கு: சதுர மீற்றருக்கு 100 முதல் 200 கிராம் வரை மண்ணுடன் கலந்து, ஈரமாக்கி, இரண்டு கிழமை கழித்து நடுங்கள்.
* நன்கு உக்கிய மாட்டெரு, கூட்டெரு: ஒவ்வொரு போகமும் இடுங்கள்.
* கோழி எரு: உக்கியதை மட்டும், அளவோடு. பச்சையாக இட்டால் வேர் கருகும். மிஞ்சினால் நைத்திரேற்று எங்கள் கிணற்றுக்கே இறங்கும்.
* சணல்: பூக்கும் பருவத்தில் வெட்டி மண்ணில் புதையுங்கள். வேர்முடிச்சுப் புழு இதில் பெருகுவது குறைவு.
* குழை தாழ்த்தல்: முன்னோர் புகையிலைத் தோட்டத்தில் செய்ததுதான். வேப்பங்குழை, பூவரசங்குழை, கிளிசரிடியா எதுவும் உதவும். உக்க அவகாசம் கொடுங்கள்.

முடிச்சு விழுந்த வேர்களைப் பிடுங்கி எரியுங்கள். கூட்டெருக் குவியலில் போடாதீர்கள். புழு நாற்றோடும் வரும் என்பதால், வாங்கும் நாற்றின் வேரைப் பார்த்து வாங்குங்கள்.

இவை எதுவும் புழுவை அடியோடு ஒழிக்காது, எண்ணிக்கையைக் குறைக்கும். பயிர் நின்ற பிறகு இட்டால் பலன் குறைவு. நடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

அம்மா அடுத்த வருடம் சணல் விதைத்து, மடக்கிப் புதைத்து, புண்ணாக்கு இட்ட பிறகே கத்தரி நட்டார். போகம் முடிந்து பிடுங்கிய வேர்களில் அங்கங்கே முடிச்சு இருந்தது. ஆனால் அதற்குள் வீட்டுக்குப் போக மிஞ்சிய காயைச் சந்தைக்கும் கொடுத்திருந்தோம். மண் மறந்துவிட்டது என்ற பேச்சை அம்மா பிறகு எடுக்கவில்லை.