தடங்கலுக்கு வருந்துகிறோம்

அரசாங்கம் மக்களிடம் வருத்தம் தெரிவிப்பது அபூர்வம். ஆனால் ஒரு காலத்தில் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்து அடிக்கடி வருந்திவிட்டுப் போனது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படம், மாலையில் சில மணி நேரம். சினிமா போடும்போது பிலிம் அறுந்துவிடும்; ஒலி வரும், படம் வராது. வானொலி நின்றால் கொஞ்ச நேரம் காத்திருப்போம். ஆனால் தொலைக்காட்சித் திரை வெறுமையானால் முதலில் சந்தேகம் விழுவது நம் பெட்டி மேல்தான். அதன் தலையில் இரண்டு தட்டு தட்டுவோம். அடுத்த சந்தேகம் ஆன்டெனா மேல்.

சென்னைக் கடற்கரையோரப் பட்டினப்பாக்கம் குடியிருப்புகளில் இது தினப்படி நாடகம். ஒளிபரப்புக் கோபுரம் சேப்பாக்கத்தில், அதே கடற்கரையின் வடகோடியில் இருந்தது. சிக்னலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடல்காற்று மொட்டைமாடியில் மீன்முள் போல நின்ற ஆன்டெனாவைத் திருப்பிவிடும். உப்பு அதன் திருகாணிகளை அரித்துவிடும். அப்பா மாடியில், பையன் படிக்கட்டில், அம்மா பெட்டிக்கு முன்னால்.

“இப்ப தெரியுதாடா?”

“புள்ளி புள்ளியா வருதுப்பா!”

“இப்ப?”

“சுத்தமா போயிடுச்சு! முன்ன இருந்த மாதிரியே வைங்க!”

ஞாயிற்றுக்கிழமை சினிமாவில் உச்சக்காட்சி போய்க்கொண்டிருக்கும்போது இப்படி ஏறியிறங்குவது சாதாரண விஷயமல்ல. ஒளிபரப்பு தடைபட்டால் நிலையம் திரையில் காட்டும் அட்டையின் வேலையே இங்கேதான். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற எழுத்து திரையில் வந்துவிட்டால், கோளாறு நிலையத்தில். அப்பா கீழே இறங்கலாம். மரியாதை வாசகமாகத் தெரிந்தாலும், என்னைக் கேட்டால் அது ஒரு பழுது அறிக்கை.

பிபிசிக்கும் இதே பிரச்சினை இருந்தது. குயவர் ஒருவர் சக்கரத்தில் பானை வனையும் குறும்படத்தை 1953இல் எடுத்து, இடைவெளிகளில் ஓட்டினார்கள். வழக்கமான சேவை விரைவில் தொடரும் என்று வாக்குறுதியும் தருவார்கள். நம்மவர்கள் வாக்குறுதிப் பக்கமே போகவில்லை. வருந்தினார்கள், அவ்வளவுதான். யார் வருந்துகிறார், எதற்காக, எவ்வளவு நேரத்துக்கு என்பதெல்லாம் கிடையாது. அரசு அலுவலகக் கடிதம் எழுதிப் பழகிய கைக்கு ‘வருந்துகிறோம்’ என்ற அந்தப் பன்மை இயல்பாகவே வந்திருக்கும்.

1982இல் டெல்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பு வந்தபோது தடங்கலும் தேசியமயமானது. ‘ருகாவட் கே லியே கேத் ஹை.’ இந்தியை எதிர்த்த ஊரில் பலரும் பாடமில்லாமல் கற்றுக்கொண்ட இந்தி வாக்கியம் அது!

பேச்சு வழக்கிலும் வாசகம் ஏறிக்கொண்டது. மேடையில் மைக் மக்கர் செய்தால் கூட்டத்திலிருந்து ஒரு குரல் அதைச் சொல்லும். கதை சொல்லிக்கொண்டே தும்மியவர் தானே சொல்லிக்கொள்வார். ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று சாலையைத் தோண்டிப் போட்டு வைக்கிற பலகைகளும் இதே சாதிதான். ஆனால் அந்தப் பலகை யாரையும் மாடியிலிருந்து இறக்குவதில்லை. சுற்றிக்கொண்டு போகத்தான் சொல்கிறது.

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது. அதன் தலைமையகம் இன்று பட்டினப்பாக்கத்தை ஒட்டிய எம்.ஆர்.சி. நகரில் இருக்கிறது. கேபிள் பரவியதும் தடங்கலுக்கு ஒரு முகம் கிடைத்தது: மாதாமாதம் பணம் வாங்க வரும் கேபிள்காரர். கோபத்தை அவரிடமே காட்டிக்கொள்ளலாம். இப்போது செட்டாப் பெட்டி ‘சிக்னல் இல்லை, இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்கிறது. பழையபடி நாமே எழுந்து போய் ஒயரை ஆட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.