மணமுறிவும் ஆவணச் சொல்லும்: கொல்கத்தாப் பதிவுகளில் குடும்ப வரலாறு தேடல்

1. முன்னுரை

குடும்ப வரலாற்றை ஆராய முற்படுவோர் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றற்கும் பதிவேடுகளை நாடுவது இயல்பு. மணமுறிவைத் தேடுவோர்க்கோ அத்தகைய நேரிய வழி இல்லை. இலண்டனிலுள்ள இந்திய அலுவலக ஆவணத் தொகுதியில் சென்னை (1698 முதல்), பம்பாய் (1709 முதல்), வங்காளம் (1713 முதல்) ஆகிய மாகாணங்களின் திருச்சபைப் பதிவுப் படிகள் உள்ளன. அவை திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு உரியவை. மணமுறிவு நீதிமன்றச் செயலாதலின் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. நீதிமன்ற ஏடுகளிலும் அது ஒரே பெயரால் வழங்கவில்லை. எனவே மணமுறிவு ஆவணத்தைத் தேடுதல் என்பது முதற்கண் சொல்லைத் தேடுதலே எனலாம். கொல்கத்தாவை இடமாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஒரு சொல், பல செயல்கள்

தமிழில் இப்பொருட்புலத்துச் சொற்கள் வெவ்வேறு கோணங்களைக் காட்டுகின்றன. 'விவாகரத்து' என்பது வடசொல்லும் அரபு மூலச் சொல்லும் இணைந்த கலப்புத் தொகை. ஆட்சி மொழியின் சாயல் உடையது. விவிலியத் தமிழில் வழங்கும் 'தள்ளுதற்சீட்டு' கணவன் கொடுக்கும் தாளைக் குறிக்கிறது. அதில் நீதிமன்றம் இல்லை. 'அறுத்துக்கட்டுதல்' என்னும் வழக்கோ பிரிவை அடுத்து வரும் மறுமணத்தைக் கொண்டு செய்தியைச் சொல்கிறது. முதற்சொல் உறவு நீங்கியதையும், இரண்டாவது அதற்குரிய சீட்டையும், மூன்றாவது தாலியையும் முதன்மைப்படுத்துகின்றன.

ஆங்கிலத்து 'டைவோர்ஸ்' என்னும் சொல்லும் ஒருமைப்பொருள் உடையதன்று. இங்கிலாந்தில் 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை திருச்சபை மன்றங்கள் அச்சொல்லால் அளித்தது உடனுறைவினின்று விலக்கு மட்டுமே. மணப்பிணைப்பு அறுவதில்லை, மறுமணத்திற்கும் உரிமையில்லை. பிணைப்பையே அறுக்க நாடாளுமன்றத்தின் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. 1774இல் கல்கத்தாவில் நிறுவப்பெற்ற உச்ச நீதிமன்றம் திருச்சபை அதிகாரத்தையும் பெற்றிருந்ததாயினும் இவ்வரம்பைக் கடக்கவில்லை. ஆகவே அம்மன்றத்தின் ஆவணத்தில் 'டைவோர்ஸ்' எனக் கண்டவுடன் 'மணமுறிவு' என மொழிபெயர்ப்பது பிழையாகும். அப்பிழை, பின்னர் நிகழ்ந்த மறுமணமும் அதிற்பிறந்த மக்களின் நிலையும் சட்டத்திற்கு உகந்தவையே என்னும் தவறான முடிவுக்கு ஆய்வாளரை இட்டுச்செல்லும்.

இந்தியாவில் நிகழ்ந்த பிறன்மனை நயத்தல் குறித்த சாட்சியங்களை இங்கேயே பதிவுசெய்து நாடாளுமன்றத்திற்கு அனுப்ப 1820இல் ஒரு சட்டம் வழிவகுத்தது. எனவே கல்கத்தாவாசி ஒருவரின் முழு மணமுறிவு வெஸ்ட்மின்ஸ்டரின் ஏடுகளில் கிடைக்கக்கூடும்.

3. தரங்கம்பாடிப் பெண்ணின் வழக்கு

இதற்குத் தக்க சான்றாக அமைவது காத்தரீன் வெர்லே என்பாரின் வரலாறு. இவர் 1762 அளவில் டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்தவர். 1777இல் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கும்பினி அலுவலரான ஜார்ஜ் பிரான்சிஸ் கிராண்டு என்பவரை மணந்தார். 1778 டிசம்பரில் ஆளுநர் அவை உறுப்பினர் ஃபிலிப் பிரான்சிஸ் இரவில் கிராண்டு இல்லத்தில் நுழைந்து பிடிபட்டார். கிராண்டு வழக்குத் தொடுத்தார். 1779 மார்ச்சில் கல்கத்தா உச்ச நீதிமன்றம் பிரான்சிஸ் 50,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

இவ்வழக்கில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, இது மணமுறிவு வழக்கன்று. கணவன் மற்றோர் ஆடவன்மீது தொடுத்த இழப்பீட்டு வழக்கு. அத்தீர்ப்பு மணவுறவைத் தீண்டவே இல்லை. இரண்டாவது, வழக்கின் தலைப்பு 'கிராண்டு எதிர் பிரான்சிஸ்' என்பது. எவரைப் பற்றி வழக்கு எழுந்ததோ அப்பெண் வழக்காளியும் அல்லர், எதிர்வழக்காளியும் அல்லர். அட்டவணையில் அவர் பெயரைத் தேடுவோர்க்கு எதுவும் கிட்டாது.

அவருடைய மணமுறிவு 1798இல் பிரெஞ்சுச் சட்டப்படி நிகழ்ந்தது. மணமுறிவைப் பிரான்சு 1792இல் ஏற்றிருந்தது. 1816இல் நீக்கி, 1884இல் மீண்டும் ஏற்றது. 1802இல் அவர் அமைச்சர் தாலிராந்தை மணந்தார். முதற்கணவர் 1820வரை உயிருடன் இருந்தார். ஆக, ஒரு பெண்ணின் மணவாழ்வு வரலாறு தரங்கம்பாடி, கொல்கத்தா, பாரிசு ஆகிய மூன்று இடங்களிலும் மூன்று சட்டமொழிகளிலும் சிதறிக் கிடக்கிறது.

4. சட்டமும் ஏடும்

1862இல் உயர் நீதிமன்றம் அமைந்தபின் நிலைமை தெளிவடைந்தது. ஆயினும், எச்சட்டத்தின்கீழ் மணம் நடந்தது என்பதை அறியாமல் எந்த ஏட்டைத் திறப்பது என்று சொல்லவியலாது.

கிறித்தவர்க்கு 1869ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டம் (4ஆம் சட்டம்) உரியது. அதன்படி மாவட்ட நீதிமன்றம் வழங்கும் மணமுறிவு உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாட்டைப் பெறவேண்டும். இந்நிபந்தனை 2001வரை நீடித்தது. எனவே உள்மாவட்டத்தில் முடிந்த வழக்கின் தடமும் கொல்கத்தாவில் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. உயர் நீதிமன்றமே வழங்கும் தீர்ப்பு முதலில் இடைக்காலத் தீர்ப்பாக அமையும். ஆறு திங்களுக்கு முன் அது முடிந்த தீர்ப்பாகாது. ஆகவே ஒரே வழக்குக்கு இரு நாட்கள் காணப்படும்; மறுமணத்தின் செல்லுபடி இரண்டாவது நாளைப் பொறுத்தது. கிராண்டு பெற்றது போன்ற இழப்பீட்டுரிமையும் 34ஆம் பிரிவாக இச்சட்டத்துள் நுழைந்து 2001இல் நீக்கப்பட்டது.

பிரம்ம சமாஜத்தார் பெரிதும் பயன்படுத்திய 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்கீழ் (3ஆம் சட்டம்) மணந்தோர்க்கும் மேற்கூறிய 1869ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தியது. எனவே கிறித்தவரல்லாத வங்காளக் குடும்பத்தின் வழக்கு அச்சட்டத்தின்கீழ் காணப்படுவது வியப்பன்று. பார்சியர்க்கு 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி மணவழக்கு மன்றம் கல்கத்தாவிலும் இருந்தது.

இசுலாமியர்க்கு 1876ஆம் ஆண்டு வங்காளச் சட்டம் விருப்பப் பதிவை ஏற்படுத்தியது. அதில் குலா ஒழிந்த பிற மணவிலக்குகளுக்கு ஓர் ஏடும் குலாவுக்கு வேறோர் ஏடும் வகுக்கப்பட்டன. தலாக் கணவன் உரைப்பது. குலா மனைவி வேண்டிப் பெறுவது. இரண்டையும் 'மணமுறிவு' என ஒரே சொல்லால் பெயர்த்தால், பிரிவை நாடியவர் யார் என்னும் செய்தி அழிந்துவிடும்.

இந்துக்களுக்குப் பம்பாயில் 1947இலும் சென்னையில் 1949இலும் மாகாணச் சட்டங்கள் மணமுறிவுக்கு வழிசெய்தன. மேற்கு வங்கத்திலோ 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமே பொதுவழியைத் திறந்தது. அதற்கு முன் பிரிந்து வாழ்ந்தோரைத் தேடுவோர் மணமுறிவு ஏடுகளை விடுத்து, வாழ்க்கைப்பொருள் வழக்குகளையும் விருப்பாவணங்களையும் நோக்குதல் வேண்டும்.

5. பெயர் வடிவங்கள்

பெயரும் சொல்லைப் போன்றே மாறும். வெர்லே என்னும் குடும்பப் பெயர் 'வொர்லே' எனவும் எழுதப்பட்டது. வங்காளத்தில் முகோபாத்யாய–முகர்ஜி, பந்தோபாத்யாய–பானர்ஜி, கங்கோபாத்யாய–கங்குலி என இணை வடிவங்கள் வழங்குகின்றன. ஒருவரே வங்க மொழி ஏட்டில் ஒரு வடிவிலும் ஆங்கில ஏட்டில் மற்றொரு வடிவிலும் தோன்றலாம். தமிழ்ப் பெயர்களில் தந்தை பெயர் குடும்பப் பெயராகக் கொள்ளப்பட்டு அகர வரிசையில் இடம் மாறுவதும் உண்டு.

6. முடிவுரை

அட்டவணையில் ஒரு சொல் இல்லாமை நிகழ்ச்சி இல்லாமைக்குச் சான்றாகாது. சொல் இருத்தல் நிகழ்ச்சி நடந்தமைக்கும் சான்றாகாது. ஆவணத்தைத் தமிழாக்குவோர் உடனுறை விலக்கு, மணமுறிவு, தலாக், குலா, இழப்பீட்டு வழக்கு ஆகியவற்றைத் தனித்தனிச் சொற்களால் பெயர்த்து, சட்டத்தின் ஆண்டையும் உடன் குறிப்பது நலம். காத்தரீன் வெர்லேயைப் போல வழக்கின் தலைப்பிலேயே இடம்பெறாத பெண்கள் பலர். அவர்களைக் கண்டெடுக்க உதவும் குறிப்பு பெரும்பாலும் ஒரு சொல்லளவே எஞ்சியிருக்கும். அச்சொல்லை மொழிபெயர்ப்பிலும் இழந்துவிடாமல் காப்பது நம் கடமையாகும்.